வலி நின்றுவிட்டது, இனி ரூட் கெனால் எதற்கு?

கேள்வி: நாங்கள் சென்னை காசிமேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 44 வயது, விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் கரைக்கு வர எட்டு, பத்து நாள் ஆகும். சுகர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு முன்பு கீழ் வலது கடவாய்ப்பல்லில் உயிர்போகிற வலி. மீனுக்கு வைத்திருக்கும் ஐஸை உடைத்து வாயில் அடக்கிக்கொண்டுதான் ராத்திரி படுப்பாராம். ஒவ்வொரு முறையும் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். பிறகு வலி தானாகவே நின்றுவிட்டது. போன மாதம் கன்னம் வீங்கி, மாத்திரையில் வடிந்தது. இப்போது அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் சின்னக் கொப்புளம் இருக்கிறது. அழுத்தினால் சீழ் வருகிறது, வலி இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்றார். “வலியே இல்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இவர் தள்ளிப்போடுகிறார். அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார் மாமியார். செலவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது? ஏழு வயதுப் பையனுக்கும் பின்பக்கப் பல்லில் கறுப்பாகத் தெரிகிறது. அது விழுந்து முளைக்கிற பல்தானே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதுவரை இந்தப் பல்லை இப்படியே வைத்துக்கொண்டு அவர் கடலுக்குப் போகக் கூடாது. முழு சிகிச்சையும் இப்போதே முடிய வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த முறை கரையில் நிற்கும் நாட்களில் பல்லைத் திறந்து சுத்தம் செய்கிற முதல் சிட்டிங்கையாவது முடித்துவிட வேண்டும். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். இதை அவரும் படித்தால் நல்லது.

நீங்கள் எழுதியதில் அந்த ஐஸ் விஷயம் முக்கியமானது. சாதாரண சொத்தையில் சில்லென்று எது பட்டாலும் கூசும். எடுத்தவுடன் கூச்சமும் போய்விடும். சொத்தை ஆழமாகி, பல்லுக்கு நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற சதைக்குப் போய்விட்டால் கதை மாறும். அந்தச் சதை வீங்கும். ஆனால் அதைச் சுற்றிக் கல்போன்ற பல் இருப்பதால் வீங்க இடம் கிடையாது, உள்ளேயே அழுத்தம் ஏறும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் ராத்திரியில் வலி இன்னும் அதிகமாகும். இது முற்றிய கட்டத்துக்கு வரும்போது சூடு பட்டால் துடிக்கும், குளிர்ச்சி பட்டால் அடங்கும். டீ குடிக்க முடியவில்லை, ஜில் தண்ணீர் வைத்துக்கொண்டால்தான் நிம்மதி என்று ஒருவர் சொன்னால், உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்காரர் படகில் ஐஸ் கட்டியோடு படுத்திருந்தது அந்தக் கட்டத்தில்தான். அந்த ஐஸ் மீனுக்காக உடைப்பது, வாயில் வைக்கக் கூடியது அல்ல என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் வலி தானாக நின்றதே, அப்போது நரம்பு முழுக்கச் செத்துவிட்டது. உணர்வதற்கு நரம்பு இல்லாததால் வலி இல்லை. கிருமி மட்டும் அங்கேயே இருக்கிறது. செத்த சதையைத் தின்று பெருகி, வேரின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வேர் நுனியைச் சுற்றி எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு நிழல் இருக்கும். எலும்பு அந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஈறில் இருக்கும் கொப்புளம், அந்தச் சீழ் தனக்கு வெளியே போக ஏற்படுத்திக்கொண்ட வழி. வழி திறந்திருக்கும்வரை அழுத்தம் சேராது, வலியும் இருக்காது. என்றைக்கு அது அடைத்துக்கொள்கிறதோ அன்றைக்குக் கன்னம் வீங்கும். போன மாதம் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஊசியால் குத்தியோ நகத்தால் அழுத்தியோ அதை எடுக்கப் பார்க்காதீர்கள். பல்லுக்கு உள்ளே சுத்தமானதும் கொப்புளம் தானாகவே மூடிக்கொள்ளும்.

இப்போது மாத்திரை. இரண்டு வேளைக்கு நாலு கேப்சூல் என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது நம் பக்கத்தில் சகஜமாகிவிட்டது. ஆன்டிபயாடிக் ரத்தத்தில் கலந்துதான் நோய் இருக்கும் இடத்துக்குப் போக முடியும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. மெயின் பைப்பை அடைத்துவிட்ட வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் எப்படி வரும்? மாத்திரை சாப்பிட்டால் வெளியே பரவிய வீக்கம் வடியும், ஆனால் கிருமி குடியிருக்கும் பல் அப்படியே இருக்கும். நிறுத்திய சில வாரங்களில் மறுபடி வரும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பல்லுக்கு உடனே சிகிச்சை கிடைக்கிற நிலையில், இந்த மாதிரிப் பல் வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால் கண்டிப்பாக வேண்டும். அப்போதும் பல்லுக்கான சிகிச்சையோடு சேர்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில்தான்.

வலி மாத்திரையிலும் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. இப்யூபுரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகள் பல் வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் சுகர் நாள்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் வெளியே தெரியாமல் பாதித்திருக்க வாய்ப்புண்டு. அவர்கள் வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் உழைத்துக்கொண்டே இதை நாள்கணக்கில் போடுவது நல்லதல்ல. அல்சர் இருப்பவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தாங்களாக இதை வாங்கக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று தேடிப் பாருங்கள். பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை அவசரத்துக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல்.

சுகரும் பல்லும் ஒன்றையொன்று கெடுக்கும். உடம்பில் சீழ் இருந்தால் சுகர் ஏறும், சுகர் ஏறியிருந்தால் சீழ் சீக்கிரம் ஆறாது. “சுகர் குறையட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்” என்று சிலர் காத்திருக்கிறார்கள். சீழ் வைத்த பல்லில் இது தலைகீழான யோசனை. சீழை வெளியேற்றினால்தான் சுகரும் வசப்படும். சிகிச்சைக்குப் போகிற அன்று காலை டிபனையும் சுகர் மாத்திரையையும் தவறவிடாமல் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போனால் நாற்காலியிலேயே சுகர் இறங்கி மயக்கம் வரலாம்.

அவர் உள்ளுக்குள் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். ஆம்பளைகள் பல பேர் வேலையைக் காரணம் காட்டுவார்கள், உண்மையில் ஊசியும் மெஷின் சத்தமும்தான் காரணம். அதனால் அந்த அறையில் என்ன நடக்கும் என்று எழுதுகிறேன். தாடையின் பின்பக்கத்தில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அது ஒரு நிமிஷ வலி. கொஞ்ச நேரத்தில் கீழ் உதட்டில் ஒரு பாதி தடித்த மாதிரி இருக்கும். எச்சில் உள்ளே போகாமலும் மருந்து தொண்டைக்கு இறங்காமலும் இருக்கப் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரை மாட்டுவார்கள். இதை மாட்டிச் செய்கிற டாக்டர் கவனமானவர் என்று நம்பலாம். பிறகு பல்லின் மேல்பக்கம் சின்னதாகத் திறப்பார்கள். செத்த நரம்பாக இருந்தால் அந்த நேரத்தில் ஒரு கெட்ட வாடை வரும், பயப்பட வேண்டாம். கீழ்க் கடவாய்ப்பல்லில் சாதாரணமாக இரண்டு வேரும் அவற்றுக்குள் மூன்று கால்வாய்களும் இருக்கும், சிலருக்கு நாலு. ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பிபோன்ற ஃபைலை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். முதலில் போகும் பத்தாம் நம்பர் ஃபைலின் நுனி 0.10 மில்லிமீட்டர்தான். நுனி எங்கே முடிகிறது என்று ஒரு மின்கருவியாலும் எக்ஸ்ரேயாலும் அளந்துகொண்டே போவார்கள். நடுநடுவே சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவுவார்கள். ஃபைல் தொடாத மூலைமுடுக்குகளில் இருக்கும் கிருமியையும் செத்த சதையையும் அதுதான் கரைத்துக் கொல்லும். உண்மையில் ரூட் கெனாலின் உயிரே இந்தக் கழுவல்தான். அவசரமாகச் செய்தால் கெட்டுப்போவதும் இங்கேதான்.

இதில் அவருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வலி துடிக்கிற நேரத்தில் கீழ்க் கடவாய்ப்பல்லை மரத்துப்போக வைப்பது எங்களுக்கே சிரமம், சிலருக்கு இரண்டு மூன்று ஊசி போட வேண்டியிருக்கும். நரம்பு செத்து, வீக்கமும் இல்லாத இப்போதைய நிலையில் பெரும்பாலும் ஒரு ஊசியோடு முடிந்துவிடும். அவர் பயப்படுகிற அந்த வலி மூன்று மாதம் முன்பு படகில் அனுபவித்ததோடு போயிற்று. மறுபடி வீங்கவிட்டால்தான் திரும்ப வரும்.

இனி நாட்களை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். கரைக்கு வந்து மீனை இறக்கிய மறுநாளே முதல் சிட்டிங்குக்குப் போகட்டும். கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் போகவே கூடாது. சுத்தம் செய்த பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிப்பது சகஜம். சிலருக்கு அந்த நாட்களில் திடீரென்று வீங்குவதும் உண்டு. அது கரையில் இருக்கும்போது வரட்டும். முதல் சிட்டிங் முடிவில் கால்வாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். அந்த மருந்து ஒரு வாரம் முதல் சில வாரம்வரை உள்ளே இருக்கலாம், ஆகவே நடுவில் ஒரு கடல் பயணம் போய்வந்தால் கெட்டுவிடாது. “நான் பத்து நாள் வர மாட்டேன், கிளாஸ் அயனோமர் மாதிரி உறுதியாக இருக்கிற சிமெண்டால் அடைத்துவிடுங்கள்” என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வெறும் தற்காலிக சிமெண்ட் பத்து நாள் தாங்காமல் போகலாம். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது.

திரும்பி வந்ததும் இரண்டாவது சிட்டிங். கொப்புளம் மூடியிருந்து, கால்வாயும் காய்ந்து சுத்தமாக இருந்தால் கட்டாபெர்ச்சா வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். இது தென்கிழக்காசியாவில் வளரும் ஒரு மரத்தின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உப்புத் தண்ணீர் ஏறாமல் உறையாக இருந்தது இதுதான் என்று சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். அதன்மேல் உறுதியான ஃபில்லிங் போட்டுவிட்டு, பல்லை மூடும் உறையான கேப்பைச் சில வாரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனால் கேப்பை மட்டும் தடைக்காலத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். உள்ளே குடைந்த கடவாய்ப்பல் கேப் இல்லாமல் ஒருநாள் நண்டு ஓட்டைக் கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்துபோகும். அப்படிப் பிளந்தால் எடுப்பதைத் தவிர வழியில்லை, போட்ட பணமும் போகும்.

பிடுங்கிவிடலாமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வேர் வெடித்திருந்தால், ஈறுக்கு மேலே பல் மிச்சமே இல்லாமல் போயிருந்தால், எலும்பு தேய்ந்து பல் ஆடினால் பிடுங்குவதுதான் சரி. உங்கள் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் காப்பாற்றலாம் என்றிருப்பதால் இவருக்கு அந்த நிலை இல்லை. 44 வயதில் இந்தப் பல் போனால் பின்பல் அந்த இடத்தில் சாயும், மேல்பல் கீழே இறங்கும், அந்தப் பக்கம் மெல்வதே குறையும். பிறகு கட்ட வேண்டுமென்றால் பக்கத்துப் பல் இரண்டையும் தேய்க்க வேண்டும், அல்லது தாடை எலும்பில் பொருத்துகிற செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்க வேண்டும். இரண்டுமே இந்தச் செலவைவிடக் குறைவாக வராது. ஆனாலும் உங்களால் எந்த வகையிலும் ரூட் கெனாலை முழுசாக முடிக்க முடியாது என்றால், தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். பாதியில் விட்ட ரூட் கெனாலும், சீழோடு விட்டுவைத்த பல்லும்தான் ஆபத்து. பல் இல்லாத இடத்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது.

மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் பார்வைக்கானது இரண்டாவது, பல்லுக்கானது ஐந்தாவது. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. வயதானபின் பல் விழுகிற காலமும் கண் மங்குகிற காலமும் ஒன்றாக வருவதால் நம் பெரியவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

செலவைப் பொறுத்தவரை, கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தவணையாகக் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். பின்பக்கப் பல்லுக்குப் பல் நிறத்தில்தான் கேப் வேண்டும் என்று கட்டாயமில்லை. உலோகக் கேப் விலையும் குறைவு, உறுதியும் அதிகம். அதுவும் முடியாதென்றால் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். ரூட் கெனால் செய்வதற்கென்றே அங்கே தனித் துறை உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், சில தடவை நடக்க வேண்டியிருக்கும். ஆனால் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பொறுமையாகச் செய்வார்கள். கடலுக்குப் போகிறவர் என்பதை முதல் நாளே சொல்லித் தேதி கேளுங்கள்.

இந்த இடைவெளியில் வீக்கம் வந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று நீங்கள் இருவருமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தப் பகுதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கீழ்க் கடவாய்ப்பல்லின் சீழ் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்கலாம். வாயைத் திறந்தால் இரண்டு விரல்கூட நுழையவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறுகிறது, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்குகிறது, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்குகிறது என்று இவற்றில் எது தெரிந்தாலும் சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும். சுகர் இருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். கரையில் இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கடலில் இருந்தால் வலை கிடந்தாலும் ஏற்றிவிட்டுப் படகைத் திருப்ப வேண்டும். படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடலாம், செல்போன் எடுத்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் இருக்கிறது. கரையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக முடிகிற ஒரு வியாதி, பத்து மணி நேரம் தள்ளி இருக்கும் படகில் உயிருக்கே வினையாகிவிடும். நான் தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வீங்கினால் வெளியே சூடான ஒத்தடம் கொடுப்பது, ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வது இரண்டும் வேண்டாம். ஆஸ்பிரின் ஈறைப் புண்ணாக்கிவிடும். கிராம்புத் தைலம் உயிருள்ள நரம்பைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், செத்த பல்லில் அதற்கு வேலை இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது. மாவா, ஹான்ஸ் மாதிரி வாயில் அடக்கும் புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ஈறு ஆறாமல் கெடுப்பது அதுதான். உள்கன்னத்தில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

பையனைப் பற்றி ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள், எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஆறு வயதுவாக்கில் பால்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு கடவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால்பல் என்றே வீட்டில் நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல், விழுந்து முளைக்காது. கறுப்பாகத் தெரிவது அந்தப் பல்லா, அதற்கு முன்னால் இருக்கும் பால்பல்லா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். பால்பல்லாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது, அது பத்து பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. இந்த நிலையில் சின்ன ஃபில்லிங்கோடு முடிந்துவிடலாம். சொத்தை வராத கடவாய்ப்பற்களின் குழிகளில் சீலன்ட் என்று ஒரு பூச்சு போட்டுவிடலாம், ஊசி கிடையாது, வலி கிடையாது. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து ராத்திரி படுக்கும்முன் நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழு வயதுக் கை பின்பல்வரை சரியாகப் போகாது. அப்பாவை அழைத்துப்போகிற அன்றைக்கே இவனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.